‘ரீச் ஃபார் த ஸ்கை’ (1956): கால்களை இழந்த போர் விமானியின் படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருடைய கதை? எப்போது வந்த படம்?

1931இல் நேர்ந்த விமான விபத்தில் இரண்டு கால்களையும் இழந்து, செயற்கைக் கால்களில் நடக்கப் பழகி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெயர் பெற்ற விமானிகளுள் ஒருவராக விளங்கிய டக்ளஸ் பாடரின் வாழ்க்கையைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் இது. 1956 ஜூலையில் இலண்டனில் முதலில் திரையிடப்பட்டது. லூயிஸ் கில்பர்ட் இயக்கினார். பாடராகக் கென்னத் மோரும், அவருடைய மனைவி தெல்மாவாக மியூரியல் பாவ்லோவும் நடித்தார்கள். ஆஸ்திரேலியரான பால் பிரிக்ஹில் 1954இல் இதே பெயரில் எழுதிய வாழ்க்கை வரலாறே படத்துக்கு மூலம். பிரிக்ஹில்லும் போர் விமானியாக இருந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர்தான். வெளிவந்த ஆண்டில் பிரிட்டனில் மக்கள் திரண்டு பார்த்த படங்களில் இதுவே முதலிடம் பெற்றது. சிறந்த பிரிட்டிஷ் படம் என்ற விருதைப் பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியும் இதற்கே வழங்கியது.

போர்ப் படம் என்று எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டேகால் மணி நேரப் படத்தில் போர் தொடங்கவே நெடுநேரம் ஆகிறது. அதுவரை நாம் பார்ப்பது ஒரு மனிதன் கட்டிலிலிருந்து எழுந்து, நின்று, விழுந்து, மறுபடி நிற்பதை மட்டுமே. என் பார்வையில் இந்தப் படத்தின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகையால் கீழே உள்ள விடைகளிலும் அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

விபத்து எப்படி நேர்ந்தது? அது பாடரின் தவறா?

ஆம், அவருடைய தவறுதான். அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 21. கென்லி விமானத் தளத்தில் 23ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படை அணியைச் சேர்ந்த இளம் அதிகாரி; ரக்பி ஆட்டத்தில் இங்கிலாந்து அணிவரை செல்லக்கூடியவர் என்று பேசப்பட்டவர்; அந்த ஆண்டு ஹெண்டன் வான்காட்சியில் இரட்டையராகப் பறந்து வித்தை காட்டிப் பெயர் வாங்கியவர். 1931 டிசம்பர் 14 அன்று நண்பர்களோடு ரெடிங் நகருக்கு அருகிலுள்ள வுட்லி விமானத் திடலுக்குச் சென்றபோது, அங்கிருந்தவர்கள் அவரை ஒரு வித்தை காட்டச் சொன்னார்கள். தாழ்வாகப் பறந்து சாகசம் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்தும், சீண்டலைப் பொறுக்க முடியாமல் ஏறிவிட்டார். ஹெண்டனில் அவர் ஓட்டிய கேம்காக் இலேசான விமானம். வுட்லியில் ஓட்டிய புல்டாக்கோ கனமானது, பக்கவாட்டில் உருளும்போது உயரத்தை இழக்கும் இயல்புடையது. தரையை ஒட்டி உருண்டபோது இடது இறக்கையின் நுனி புல்லைத் தொட்டது. அடுத்த நொடியில் விமானம் நொறுங்கியது.

பிறகு தம் பறத்தல் பதிவேட்டில் அவர் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: தரைக்கு அருகே மெதுவாக உருளும்போது விழுந்தது, மோசமான ஆட்டம். யார்மீதும் பழி சொல்லாத அந்த ஒற்றை வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

மருத்துவமனைக் காட்சி பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் என்ன நடக்கிறது?

ரெடிங்கிலுள்ள ராயல் பெர்க்‌ஷயர் மருத்துவமனையில் லெனர்ட் ஜாய்ஸ் என்ற அறுவை மருத்துவர் முதலில் வலது காலை முழங்காலுக்கு மேலே நீக்கினார். சில நாட்களில் இடது காலையும் முழங்காலுக்குக் கீழே நீக்க நேர்ந்தது. படத்தில் ஜாய்ஸாக வருபவர் அலெக்சாண்டர் நாக்ஸ்.

வலி சட்டென்று அடங்கி, உடல் மிதப்பது போன்ற ஓர் இதமான நிலையில் பாடர் கிடக்கும்போது, கதவுக்கு வெளியே யாரோ சத்தம் போடுகிறார்கள். உள்ளே ஒரு பையன் சாகக் கிடக்கிறான், சத்தம் போடாதீர்கள் என்று ஒரு தாதி அவர்களை அடக்குகிறாள். அந்தச் சொல் உள்ளே இருப்பவரின் காதில் விழுகிறது. அந்த இதம்தான் சாவு என்பது அவருக்கு அப்போது விளங்குகிறது; வலி திரும்பி வருகிறது, அதோடு உயிரும் திரும்புகிறது. இசையால் உருக்கவோ வசனத்தால் நீட்டவோ இடம் இருந்தும், கில்பர்ட் இதை அடக்கமாகவே எடுத்திருக்கிறார்.

செயற்கைக் கால்கள் எப்படிப்பட்டவை? படம் காட்டும் சிரமம் மிகையா?

மிகையே இல்லை, சொல்லப்போனால் உண்மை இன்னும் கடினமானது. பாடருக்குக் கால் செய்து கொடுத்த டெசூட்டர் சகோதரர்களின் கதையும் தனியே அறியத்தக்கது. அவர்களுள் ஒருவரான மார்செல் டெசூட்டர் தொடக்ககால விமானிகளில் ஒருவர். 1913இல் விமான விபத்தில் ஒரு காலை இழந்தார். அக்காலத்து மரக்காலின் கனத்தைத் தாங்க முடியாத அவருக்காக, விமானம் கட்டப் பயன்படும் டியூராலுமின் என்ற இலேசான உலோகக் கலவையில் கால் செய்யும் முயற்சி தொடங்கியது. பிறகு அதுவே அக்குடும்பத்தின் தொழிலாயிற்று. ஒரு விமானி இழந்த காலுக்காக, விமானத்தின் உலோகத்தில் பிறந்த கைவினை, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து இன்னொரு விமானிக்கு உதவியிருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனால், இடுப்பு, தொடை, முழங்கால் ஆகிய மூன்றும் நம்மிடமே இருக்கும். தொடையைச் சுற்றித் தோல் உறையைக் கட்டிக்கொண்டு ஓரளவு இயல்பாக நடந்துவிடலாம். முழங்காலுக்கு மேலே போன காலின் கதை வேறு. அங்கே முழங்காலே ஓர் இயந்திர மூட்டு. இடுப்பை வீசித்தான் அந்தக் காலை முன்னே கொண்டு வர வேண்டும், அது நேராகிப் பூட்டிக்கொண்டது என்று உறுதியான பிறகுதான் உடலின் எடையை அதன்மேல் வைக்க வேண்டும். ஒரு கணம் பிசகினால் மடங்கிவிடும். பாடருக்கு ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு வகை. ஊன்றிக்கொள்ள நல்ல கால் என்று ஒன்று இல்லை. வலது கால் இடுப்புப் பட்டையோடும் தோள் வாரோடும் பிணைக்கப்பட்டிருந்தது. வெட்டுண்ட பகுதியில் உறை உரசிப் புண்ணாகும். வியர்வை அதை மேலும் கெடுக்கும்.

என் தாய்மாமா ஒருவருக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுக்கப்பட்டது. செயற்கைக் காலைப் பொருத்திய முதல் மாதத்தில் வீட்டு நிலைப்படியைத் தாண்ட அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஒற்றைக் காலுக்கே அந்தப் பாடு. அதன் பிறகு இந்தப் படத்தைப் பார்த்தபோது, கென்னத் மோர் இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் எனக்கு வேறு பொருள் தந்தது.

கைத்தடி இல்லாமல் இனி உங்களால் நடக்க முடியாது என்று கால் செய்பவர் சொல்ல, கைத்தடியோடு நான் ஒருபோதும் நடக்க மாட்டேன் என்று பாடர் மறுக்கும் காட்சி புகழ்பெற்றது. வாழ்க்கையிலும் அவர் தடியில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டார். கோல்ஃப் பழகியபோதும் மட்டையை வீசும்போதெல்லாம் விழுந்து விழுந்து எழுந்தார். பிற்காலத்தில் அதிலே தேர்ந்த ஆட்டக்காரராகவும் ஆனார்.

கால்கள் இல்லாமல் சண்டை விமானத்தை எப்படி ஓட்ட முடியும்?

தரையில் நடப்பதைவிட அது எளிது என்பதே உண்மை. விமானியின் கால்கள் சுக்கானுக்குரிய இரண்டு மிதிகளின்மேல் இருக்கும். இடது மிதியைத் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலதைத் தள்ளினால் வலப்பக்கம். அதற்குக் கணுக்காலின் நுட்பம் வேண்டாம், தொடையிலிருந்து தள்ளினாலே போதும். மோட்டார் காரில் வேக மிதியையும் பிரேக்கையும் பாதத்தால் அளந்து அழுத்த வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய பிரிட்டிஷ் சண்டை விமானங்களில் சக்கரப் பிரேக்கும் கைப்பிடியிலேயே இருந்தது, காலால் அழுத்த வேண்டியதில்லை. 1939இல் அவரைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்த ‘ஹார்வர்ட்’ என்ற பயிற்சி விமானம் அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் அதில் மட்டும் பாதப் பிரேக் இருந்தது. உடன் அமர்ந்த அதிகாரி அதைத் தாமே பார்த்துக்கொண்டார்.

விமானம் கடுமையாகத் திரும்பும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கி விமானிகள் நினைவிழப்பதுண்டு. இறங்குவதற்குக் கால்களே இல்லாததால் தமக்கு அந்த மயக்கம் எளிதில் வரவில்லை என்று பாடர் கருதினார்.

அப்படியானால் விமானப் படை ஏன் முதலில் அவரை வெளியேற்றியது?

1932இலேயே அவர் மீண்டும் விமானம் ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் விதிநூலில் இப்படிப்பட்ட ஒருவருக்கான பிரிவே இல்லை. பிரிவு இல்லாததையே காரணமாகக் காட்டி மறுத்தார்கள். முடியாதவரை அனுப்பிவிடுவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். முடியும் என்று கண் முன்னே நிறுவியவரை, தாளில் இடமில்லை என்று அனுப்புவது வேறு வகைக் கொடுமை. படம் இந்த இடத்தில் குரலை உயர்த்தாமலே அந்த அநியாயத்தை உணர்த்திவிடுகிறது.

1933இல் ஓய்வூதியத்தோடு வெளியே வந்து, எண்ணெய் நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலையில் அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெல்மாவை மணந்தார். ஒரு தேநீர் விடுதியில் அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் இருவரும் சந்தித்தார்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டது; தேர்ச்சி பெற்ற விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது; நவம்பரில் அவர் மீண்டும் படையில் இருந்தார். ஆறு ஆண்டுகள் இல்லாத பிரிவு சில வாரங்களில் கிடைத்துவிட்டது.

போரில் அவர் செய்தது என்ன?

1940 ஜூனில் 242ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை அவருக்கு வந்தது. பெரும்பாலும் கனடியர்களைக் கொண்ட அந்த ஸ்குவாட்ரன் பிரான்ஸில் பேரிழப்புக் கண்டு மனமொடிந்திருந்தது. கால் இல்லாத தலைவரா என்று முகம் சுளித்தவர்கள் முன்னே, ஒரு ஹரிக்கேனில் ஏறி அரை மணி நேரம் வானத்தில் வித்தை காட்டி இறங்கினார். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. உதிரிப் பாகங்களும் கருவிகளும் வந்து சேராததைக் கண்டு, விமானிகள் தயார், தளவாடம் தயாரில்லை என்று மேலிடத்துக்கே செய்தி அனுப்பி அதிகாரிகளை உலுக்கினார். 1941 மார்ச்சில் டாங்மியர் தளத்தில் பல ஸ்குவாட்ரன்களை வழிநடத்தும் பொறுப்பு கிடைத்தது. அவர் வீழ்த்தியதாகப் பதிவான எதிரி விமானங்கள் 20க்கும் மேல்.

‘பிக் விங்’ என்ற சர்ச்சையைப் படம் நேர்மையாகக் காட்டுகிறதா?

முழுமையாக அல்ல. 1940இல் பிரிட்டன்மேல் குண்டு வீச வந்த ஜெர்மானிய விமானங்களை, மூன்று முதல் ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒரே பெரிய அணியாக (‘பிக் விங்’) திரட்டி மோத வேண்டும் என்பது பாடரும் அவருடைய மேலதிகாரி லீ-மாலரியும் கொண்ட கருத்து. தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த விமானப் படைத் தளபதி கீத் பார்க்கோ, அவ்வளவு பேர் கூடிச் சேர்வதற்குள் குண்டுகள் விழுந்து முடிந்திருக்கும் என்பதால், சிறு அணிகளை உடனுக்குடன் அனுப்பினார். பெரிய அணிகள் வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கைகள் மிகையானவை என்பது போருக்குப் பின் ஜெர்மானிய ஆவணங்களோடு ஒப்பிட்டபோது தெரியவந்தது. பார்க்கும், தலைமைத் தளபதி டௌடிங்கும் 1940 முடிவதற்குள் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்கள். படம் பாடரின் கண் வழியாகவே பார்ப்பதால், பார்க்கின் பக்க நியாயம் அதில் எடுபடவில்லை. இந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு 1940ஆம் ஆண்டைப் புரிந்துகொண்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

சிறைப்பட்டவருக்கு வானிலிருந்து கால் போட்டது உண்மையா?

உண்மை. 1941 ஆகஸ்ட் 9 அன்று பிரான்ஸின் செயிண்ட் ஓமேர் வட்டாரத்தின் மேலே பாடரின் ஸ்பிட்ஃபயர் சிதைந்தது. தாம் ஒரு ஜெர்மானிய விமானத்தோடு மோதியதாக அவர் நம்பினார். குழப்பத்தில் தம் பக்க விமானி ஒருவரே சுட்டிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. வெளியே குதிக்க முயன்றபோது வலது செயற்கைக் கால் இருக்கையறையில் சிக்கிக்கொண்டது. வார் அறுந்து, கால் விமானத்தோடு போக, மனிதர் பாராசூட்டில் இறங்கினார். சொந்தக் காலாக இருந்திருந்தால் அவரும் விமானத்தோடு போயிருப்பார்.

எதிர்த் தரப்பின் புகழ்பெற்ற விமானி அடால்ஃப் கல்லாண்ட் அவரை மதிப்போடு நடத்தினார். மாற்றுக் கால் கொண்டுவரும் விமானத்துக்குப் பாதுகாப்பான வழி தருகிறோம் என்று ஜெர்மானியர் அறிவித்தார்கள். பிரிட்டிஷார் அந்தச் சலுகையை ஏற்காமல், ஆகஸ்ட் 19 அன்று குண்டுவீச்சுக்குச் சென்ற விமானங்களில் ஒன்றிலிருந்தே காலைப் பாராசூட்டில் இறக்கினார்கள்.

இதற்குள் பாடர் மருத்துவமனைச் சன்னலிலிருந்து படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பியும், பிடிபட்டும் இருந்தார். அவருக்கு உதவிய மருத்துவமனைப் பணிப்பெண்ணும், வீட்டில் ஒளித்து வைத்த தம்பதியும் தண்டிக்கப்பட்டு ஜெர்மனிக்குச் சிறை அனுப்பப்பட்டார்கள். அந்த எளிய பிரெஞ்சு மக்கள் கொடுத்த விலையைச் சொல்ல இன்னொரு படம் எடுக்கலாம். பாடரோ முகாம் முகாமாக மாற்றப்பட்டு, 1942 ஆகஸ்டில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்த பிறகே விடுதலையானார்.

உண்மையான பாடர் படத்தில் வருவது போல இனிமையானவரா?

இல்லை. கில்பர்ட்டும் மோரும் அவரை நிறைய மெருகேற்றியிருக்கிறார்கள். சிலரை மாற்றியும் நிகழ்ச்சிகளை முன்பின்னாக நகர்த்தியும் இருப்பதாகப் படமே தொடக்கத்தில் எழுதிக்காட்டுகிறது; நண்பர் ஜானி சாண்டர்சன் கற்பனைப் பெயர் பூண்ட பாத்திரம். ஆனால் பெரிய மாற்றம் கதாநாயகனின் குணத்தில்தான். நேரில் பாடர் கொச்சையாகத் திட்டுபவர், அதிகாரம் காட்டுபவர், பிறர் சொல் கேளாதவர். கோல்டிட்ஸில் அவரை முதுகில் சுமந்து படிகளில் இறக்கி ஏற்றிய மருத்துவ உதவியாளருக்கு 1943இல் நாடு திரும்பும் வாய்ப்பு வந்தபோது, அவன் என் வேலையாள், இங்கேயே இருக்கட்டும் என்று பாடர் தடுத்துவிட்டார். அந்த மனிதர் மேலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறையில் கழித்தார். இதை அறிந்தபோது எனக்கு நெஞ்சு கசந்தது. ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் சிறுபான்மை ஆட்சியை ஆதரித்துப் பேசியதும், கடைசிவரை நாஜிக் கொள்கையை விடாத ஜெர்மானிய விமானி ஒருவரின் நூலுக்கு முன்னுரை கொடுத்ததும் அவர் பெயரோடு சேர்ந்தவையே.

அதே மனிதர், போருக்குப் பின் ஊர் ஊராகப் பறந்து, கை கால் இழந்தவர்களை, அவர்களிலும் சிறப்பாகக் குழந்தைகளை, மருத்துவமனைகளில் சந்தித்து, நடக்க முடியும் என்று தம் கால்களைக் காட்டியே சொன்னார். 1976இல் அவருக்குக் கிடைத்த ‘சர்’ பட்டம் போர் வெற்றிக்காக வந்ததன்று. உடற்குறை உடையவர்களுக்குச் செய்த தொண்டுக்காக வந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பது நியாயம் ஆகாது.

மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்லி, மாற்றுத்திறனாளிகளின்மேல் சுமை ஏற்றும் படமா இது?

இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. பாடரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது என்று ஒருவரைக் குத்திக்காட்ட இந்தப் படம் பயன்பட்டால் அது பெருந்தவறு. அவருக்கு இருந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: 21 வயதின் விளையாட்டு வீரன் உடல், தேர்ந்த அறுவை மருத்துவர், நாட்டிலேயே சிறந்த கால் செய்பவர்கள், முழு ஓய்வூதியம், அதிகாரி வகுப்பின் தொடர்புகள். இவை எல்லாம் படத்தில் காணக் கிடைக்கின்றன. படம் அவற்றை மறைக்கவில்லை, பார்ப்பவர்கள்தான் மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு முறை காலின் அளவு சரியில்லாதபோதும் பட்டறையில் திருத்தித் தருகிறவர்கள் இல்லையென்றால், எந்த உறுதியும் அந்த மனிதரை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டு சேர்த்திருக்காது.

இதே போன்ற வேறு விமானிகள் உண்டா?

உண்டு. தமிழ் வாசகர்களில் பலர், சோவியத் நூல்களின் மொழிபெயர்ப்பு வரிசையில் வந்த போரிஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’யைப் படித்திருப்பார்கள். அதன் நாயகனுக்கு மூலமான அலெக்சேய் மரேசியெவ் 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்டு, பனிக்காட்டில் 18 நாட்கள் ஊர்ந்து வந்து, இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்து, 1943இல் மறுபடி போரில் பறந்தவர். 1948இல் அதுவும் சோவியத் நாட்டில் படமாயிற்று. அந்த நாவலை இளமையில் படித்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், முதல் அடி எடுத்துவைக்கும் இடத்தில் இரண்டு கதைகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதை உடனே உணர்வார்கள்.

விமானக் காட்சிகள் எப்படி?

போர் முடிந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்ததால் உண்மையான ஸ்பிட்ஃபயர்கள் கிடைத்தன; பாடர் பணியாற்றிய அதே கென்லி தளத்தில் படப்பிடிப்பு நடந்தது. வான்சண்டைக் காட்சிகள் சில இன்று பழையனவாகத் தோன்றும். 1945 செப்டம்பர் 15 அன்று இலண்டன் வானில் 300 விமானங்களுக்குத் தலைமை தாங்கி அவர் பறந்த வெற்றி அணிவகுப்போடு படம் முடிகிறது.

கென்னத் மோர் எப்படித் தயாரானார்? படத்தைப் பற்றிப் பாடர் என்ன நினைத்தார்?

முதலில் ரிச்சர்ட் பர்ட்டனைத்தான் நினைத்திருந்தார்கள். நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்டிருந்த மோர், இந்த வேடத்தைத் தாமே விரும்பிப் பெற்றார். பாடரோடு பழகி, கோல்ஃப் ஆடி, அவர் திரும்பும் விதத்தையும் எழும் விதத்தையும் கவனித்துக்கொண்டார். வலது இடுப்பைச் சற்றே தூக்கி வீசி, பிறகு உடலை அதன்பின் கொண்டுவரும் அந்த நடை படம் முழுவதும் ஓரிடத்திலும் தவறவில்லை. போர்க் காட்சிகளில் நம் கவனம் விமானத்தின்மேல் இருக்கும்போதுகூட, இறக்கையில் கால் வைத்து ஏறும் அந்தச் சில நொடிகளில் அவர் அதை மறப்பதில்லை.

பிரிக்ஹில்லோடு பணப் பங்கு குறித்து ஏற்பட்ட மனக்கசப்பால் பாடர் முதல் காட்சிக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில்தான் படத்தைப் பார்த்தார். தம்மைப் பார்க்க வருபவர்கள் கென்னத் மோரையே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு.